ஈரத் துவாயும் ஒற்றைக் காதும்

இன்று காலை புதுக்குடியிருப்பில் வவுனியா பஸ் ஏறினேன். கையில் ஈரத் துவாயில் சுற்றிய மண் ஜக். நேற்றுத்தான் அதற்குப் பிடி ஒட்டினேன். நெளுக்குளத்தில் சூளை வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அது அவசரப்பட்டுக் காயக் கூடாது.

பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. முன் சீற்றில் இருந்த அக்கா ஒருவர் என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

“இருங்கோ தம்பி. காத்துப் படவிடாதேங்கோ. வெயில் வருது, இந்தப் பக்கம் திருப்பிப் பிடியுங்கோ.”

அசந்துபோனேன். ஒட்டிய பிடி வெடிக்காமலிருக்க நான் இந்த மட்பாண்டக் குழுவில் எத்தனை தடவை எழுதிய விஷயம்! இவரும் மண் பிசைகிற ஆள்தான் என்று நினைத்தேன்.

“கீழயும் ஒரு கை குடுத்துத் தாங்குங்கோ.”

அதுவும் சரிதான்.

“ஓம் அக்கா, நேற்றுப் பின்னேரந்தான் முடிஞ்சது.”

“நேற்றோ! தாய் எங்க?”

அப்போதுதான் விளங்கியது. பஸ்ஸே என்னைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் துவாயை மெல்ல விலக்கிக் காட்டினேன்.

அக்கா ஜக்கைப் பார்த்தார். அதன் பெரிய பிடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“காது தகப்பன்ர காதுதான்.”

மாங்குளம் வரை பஸ் சிரித்தது. சீற்றை மட்டும் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

ஜக் வெடிப்பில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. படம் கீழே. பிடி பெரிதென்றால் இப்போதே சொல்லுங்கள், இன்னும் பச்சை மண்தான், சீவிக் குறைக்கலாம்.

என் காதைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம். அது எப்போதோ சுட்டு முடிந்த சாமான்.