பூஜையில் வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கியைத் துப்பாக்கி என்று யாரும் சொல்லமாட்டோம். 'அது' என்போம். 'அதைத் துடைச்சாச்சா?', 'அது அலமாரியிலயா இருக்கு?' என்று, பேர் தெரியாத விருந்தாளியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவோம். என் கணவர் மயிலாப்பூரில் வக்கீல். கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி, இடுப்பில் கடிகாரச் சங்கிலி, வாசலில் மோட்டார் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கோர்ட்டில் ஒரு பெரிய மனிதர் ரிவால்வர் வைத்திருக்கிறார் என்று இவருக்கும் அந்த ஆசை வந்தது. மனுப் போட்டார், லைசென்ஸ் வந்தது. அதால் அவர் சுட்டது ஒரே தடவைதான். என்னையும் அழைத்துக்கொண்டு அடையாற்று முகத்துவாரத்துக்குப் போய், சவுக்குத் தோப்போரத்தில் ஒரு பனைமரத்தைக் குறி பார்த்துச் சுட்டார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குக் காது அடைத்துக்கொண்டது. நான் சொல்வது எதுவும் கேட்கவில்லை என்று கொஞ்ச நாள் சௌகரியமாக இருந்தார்.

அது காணாமல் போன வருஷத்தைப் பற்றி இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத என்னால் முடியாது.

அந்த வருஷம் என் கணவரின் தம்பி எங்களோடு இருந்தார். உப்புச் சட்டத்தை மீறிச் சிறைக்குப் போனவர், வெளியே வரும்போது பாதி ஆளாக வந்தார். மாடி அறையில் இருப்பார், படிப்பார், இருமுவார். வாரத்துக்கு ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். தெருமுனை வெற்றிலைக் கடையில் ஒரு ஆள் எப்போதும் நின்றுகொண்டிருப்பான். வேட்டி சட்டையில்தான் இருப்பான், ஆனால் காலில் மட்டும் போலீஸ் செருப்பு. இன்னொரு தடவை உள்ளே போனால் அந்த நுரையீரல் தாங்காது என்று டாக்டர் என் கணவரிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஒரு சின்னச் சந்தேகம் போதும், அவரைத் திரும்பவும் பிடித்துப் போடுவதற்கு. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த பயம் அது ஒன்றுதான்.

சரஸ்வதி பூஜை வந்தது. மணைபோட்டுப் புஸ்தகங்களை அடுக்கினேன். சட்டப் புஸ்தகம், மைத்துனரின் புஸ்தகம், என் ஸ்வரப் புஸ்தகம், பக்கத்தில் அரிவாள்மணை, டிரைவரின் ஸ்பானர். அப்போது இவர் ரிவால்வரையும் தோட்டாப் பெட்டியையும் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுவும் ஆயுதம்தானே. சந்தனம் இடு."

நானும் இட்டேன். பிடியில் ஒரு பொட்டுச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மேலே பட்டுத்துணியைப் போர்த்தினோம். ஒரு தடவை போர்த்திவிட்டால் மறுநாள் காலை புனர்பூஜை ஆகும்வரை அதைத் தொடக்கூடாது, தூக்கிப் பார்க்கவும் கூடாது. அன்றைக்கு ஒரு எழுத்துப் படிக்கக்கூடாது என்று குழந்தைகள்கூடச் சந்தோஷமாகக் காப்பாற்றும் விதி அது.

"ஏன்னா, அதை மட்டும் பூட்டி வெச்சுடுங்கோ. நாலு பேர் வந்துபோற நாள்" என்றேன்.

"பூஜையில வெச்சதை எவன் தொடுவான்?" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளிச் சந்தேகம் இல்லை. இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போடுகிற மனிதர், தோட்டாவோடு ஒரு துப்பாக்கியை ஒரு முழம் பட்டுத்துணிக்கு அடியில் விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார். எங்கள் மனுஷர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தைரியம் அது.

சாயங்காலம் சுண்டலுக்கும் தாம்பூலத்துக்கும் நிறையப் பேர் வந்தார்கள். தி. நகரிலிருந்து இவருடைய கட்சிக்காரர் ஒருவரும் வந்தார். சொத்தில் பாகம் கேட்டுத் தன் அண்ணன்மேல் வழக்குப் போட்டு, அதில் தோற்றுக்கொண்டிருந்தவர். குரலே எழும்பாமல் பேசுவார். இவருடைய ரிவால்வரைப் பல தடவை வாங்கிப் பார்த்திருக்கிறார், இவரும் பெருமையாகக் காட்டியிருக்கிறார். பூஜை அறையில் அவர் நமஸ்காரம் பண்ண இடம்விட்டு நான் கூடத்துக்கு வந்து நின்றேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். நல்ல பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புனர்பூஜை முடித்துப் பட்டை எடுத்தால், தாம்பாளத்தில் குங்குமம் சிந்தியிருந்தது. ரிவால்வர் இல்லை. தோட்டாப் பெட்டியும் இல்லை.

இவருக்கு முதலில் புரியவே இல்லை. தாம்பாளத்தைத் திருப்பிப் பார்த்தார். புஸ்தகங்களை ஒவ்வொன்றாக உதறினார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு விரட்டினார். அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் அந்த ரூமாண்டயே வர்லம்மா. ஸ்பானரைக்கூட ஐயாதான் வாங்கிக்கினு போனாரு. உள்ள இன்னா கீதுன்னுகூட எனக்குத் தெரியாது."

கிணற்றடி, பரண், மோட்டார் ஷெட் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் இவர் மாடியேறிப் போனார். நான் படியில் நின்றேன்.

"நீ எடுத்தியாடா?"

"இல்லை அண்ணா. நான் தொடலை."

"விளையாட்டு இல்லை இது."

"தெரியும். நான் தொடலை."

இருமலுக்கு நடுவில் வந்த பதில்தான், ஆனால் தெளிவாக இருந்தது. நான் நம்பினேன். இவர் இறங்கி வந்த விதத்தைப் பார்த்ததும் இவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

லைசென்ஸின் பின்பக்கத்தில், தொலைந்தால் உடனே பக்கத்து ஸ்டேஷனில் தெரிவிக்கவேண்டும் என்று அச்சடித்திருக்கும். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷுக்கே அது புரியும். அதை எடுத்து இவர் முன்னால் வைத்தேன்.

"போய்ச் சொல்லிட்டு வந்துடுங்கோ. அது எங்கேயாவது வெடிச்சா உங்க பேர்தானே வரும்?"

"சொன்னா சாயங்காலத்துக்குள்ள அவனைப் பிடிச்சுண்டு போயிடுவா. அவன் செத்துப்போயிடுவான்டீ."

"அவர்தான் எடுக்கலைங்கறாரே."

இவர் லைசென்ஸை மடித்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். யார் கேட்டாலும் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று சொல்லும்படி எனக்கும் டிரைவருக்கும் உத்தரவு போட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்புப் போட மறந்தேன். அதையும் வாய்திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மாட வீதியில் பட்டாசுக் கடைகள் வந்துவிட்டன. எந்த நேரத்தில் எந்தச் சந்திலிருந்து சத்தம் வரும் என்று தெரியாது. ஊரே வெடித்துக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு சத்தம் நம் வீட்டுச் சாமானிலிருந்து வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கரண்டியைப் பிடித்தபடி நின்று, அடுத்த சத்தம் வருகிறதா என்று கேட்பேன். ஒற்றை வெடி என்றால் பயம். சரமாக வெடித்தால் மூச்சு வரும். மழை பெய்த நாட்களில் மட்டும் கொஞ்சம் தூங்கினேன்.

மைத்துனர் ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போகும் நாளாகப் பார்த்து இவர் மாடிக்குப் போவார். தம்பியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, மடிப்பு கலையாமல் திரும்ப வைப்பார். தலையணையை அழுத்திப் பார்ப்பார். தம்பி போலீஸ் ஸ்டேஷனில் இருக்க, அண்ணா வீட்டில் போலீஸ் வேலை பார்த்தார். நான் வாசற்படியில் நின்று பார்ப்பதைக் கண்டால், "எலி நடமாட்டம் இருக்கு" என்பார். அந்த அறையில் எலி நுழையும் அளவுக்குக்கூடச் சாமான் கிடையாது.

ஒரு நாள் தி. நகர் கட்சிக்காரர் வந்தார். வழக்கு விஷயமாக ஒன்றும் இல்லை, இந்தப் பக்கம் வந்தேன் என்றார். காப்பி கொண்டுபோய் வைத்தேன். டம்ளரை உயர்த்திக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம ரிவால்வர் சௌக்யமா இருக்கா வக்கீல் சார்?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார் இவர், சட்டென்று.

"அப்படியா? எப்போ வரும்?"

"நாளாகும்."

கட்சிக்காரர் தலையை ஆட்டினார். அந்த மனிதரின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஸ்டேஷனில் சொல்லவில்லை, யாரும் தேடவில்லை, இனிமேல் கவலையில்லை என்று எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் கையால் காப்பி குடித்து, அவர் உறுதி செய்துகொண்டு போனார்.

தீபாவளி விடிகாலை. ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது. மைத்துனர் தலையில் நான்தான் எண்ணெய் வைத்தேன். நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, "மன்னி, வெந்நீர் கொதிக்கறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வெந்நீர் அறைக்குள் போவதற்குள் வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் தமிழர். மரியாதையாகத்தான் பேசினார். தி. நகரில் ஒருவரை அவர் வீட்டுக் கொல்லையிலேயே யாரோ சுட்டுப் போட்டிருக்கிறார்கள். முதல் வெடிகள் வெடித்த நேரம், அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மதிலோரம் ரிவால்வர் கிடந்தது. அதன் நம்பர் இவருடைய லைசென்ஸ் நம்பர். செத்தவர் எங்கள் கட்சிக்காரரின் அண்ணன்.

"எப்போ காணாமப் போச்சு சார்?"

"சரஸ்வதி பூஜையன்னிக்கு."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"தேடிண்டிருந்தோம்."

"உங்க தம்பி வாராவாரம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போறாரு. கூட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

இவர் கடிகாரச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ரிவால்வரைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டினார். பிடியின் வரிகளுக்குள் காய்ந்த சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன? பூஜை போட்டு, சபதம் செஞ்சு தம்பியை அனுப்பினீங்களா?"

நான் தாங்கமாட்டாமல் முன்னால் வந்து, சரஸ்வதி பூஜைக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான், அரிவாள்மணைக்கும்தான் சந்தனம் வைத்தேன் என்றேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும், அவர் வீட்டிலும் வைத்திருப்பார்கள். ஆனால் தொலைந்ததை மறைத்த வீட்டில் எதைச் சொன்னாலும் கதையாகத்தான் கேட்கும். பூஜைக்கு மறுநாளே போய்ச் சொல்லியிருந்தால் அன்று வந்துபோனவர்களை எல்லாம் விசாரித்திருப்பார்கள். அந்தக் கட்சிக்காரர் அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பார், அவருடைய அண்ணன் தீபாவளி கொண்டாடியிருப்பார். இப்போது அவர்களுக்குக் கிடைத்தது ஜெயிலுக்குப் போய் வந்த என் மைத்துனர் ஒருவர்தான்.

"குளிச்சுட்டு வரட்டுமா?" என்று மைத்துனர் கேட்டார். நேரமில்லை என்றார்கள். எண்ணெய்த் தலையோடு, ஈரக் காற்றில், மேல்துண்டோடு வண்டியில் ஏறினார். நான் அழுதேன். இவர் சங்கிலியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

பொங்கலுக்குப் பிறகுதான் அந்தக் கட்சிக்காரரைப் பிடித்தார்கள். அன்று அவர் வீட்டிலேயே இருந்ததாக அதுவரை சொல்லிவந்த மனைவியே உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். பூஜை அறையிலிருந்து அங்கவஸ்திரத்துக்குள் வைத்து எடுத்துப் போனதை அவரே ஒப்புக்கொண்டார். இவருடைய லைசென்ஸை ரத்து செய்தார்கள். மைத்துனரை விட்டுவிட்டார்கள்.

அவர் நேராக வீட்டுக்கு வந்தார். எலும்பின்மேல் சட்டை தொங்கிற்று. மாடிக்குப் போய் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். திருவல்லிக்கேணியில் ஒரு அறை பார்த்திருக்கிறது என்றார். சாப்பிட்டுவிட்டாவது போகச் சொன்னேன், வேண்டாம் என்று தலையசைத்தார். இவர் வழியில் வந்து நின்றார்.

"உன்னைக் காப்பாத்தணும்னுதான்டா நான் சொல்லலை."

மைத்துனர் பெட்டியைக் கீழே வைத்தார். இருமல் அடங்கும்வரை பொறுத்து, பிறகு மெதுவாகப் பேசினார்.

"நான் எடுக்கலைன்னு சொன்னேன் அண்ணா. போலீஸ் நம்பலை, அது அவா தொழில். எடுக்காதவனை நீ எதுலேர்ந்து காப்பாத்தினே?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் வாசல் வரைக்கும் போனேன். இவர் நின்ற இடத்திலேயே இருந்தார்.

அந்த வருஷம் என் மாமியாரின் திவசத்துக்கு மைத்துனரைக் கூப்பிட ஆள் அனுப்பினோம். தனியாகச் செய்துகொள்வதாகப் பதில் வந்தது. அதுவரை அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த திவசம். சாஸ்திரிகள் வந்து உட்கார்ந்து, இலை போட்டு, எல்லாம் தயாரான பிறகும் இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிறதே என்று சாஸ்திரிகள் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கோ, தம்பி வரணும்" என்றார் இவர். தம்பி வரமாட்டார் என்று அவருக்குத் தெரியும். நான் போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.