குளிருக்காகத் திறந்து வைத்த கதவு

குன்னூரில் மாணவியர் விடுதி ஒன்றில் நான் வார்டன். சமையலறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே தீத்தடுப்புக் கதவு உண்டு. அடுப்புச் சூடு வரட்டும் என்று பிள்ளைகள் அதற்கு எப்போதும் கட்டை கொடுத்துத் திறந்தே வைப்பார்கள். ஒருநாள் கட்டையை எடுத்துப் பார்த்தேன். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கதவு பாதியிலேயே நின்றது. ஆளை வரவழைத்து, கதவை இழுத்து மூடும் டோர் குளோசரை மாற்றினேன்; கட்டையையும் தூக்கிப் போட்டேன்.

"ஏனுங்க மேடம், குளுருல நடுங்கறோமுங்க!" என்று பிள்ளைகள் முறைத்தார்கள்.

அடுத்த வாரமே பஜ்ஜி எண்ணெய் தீப்பிடித்தது. சமையல்கார சரோஜாக்கா அலறியபடி வெளியே ஓடிவர, அவர் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மாடியிலிருந்த அத்தனை பிள்ளைகளும் புகையே இல்லாத படியில் இறங்கி வந்தார்கள்.

"கதவு தெறந்திருந்தா படியெல்லாம் பொகை அடைச்சிருக்குமுங்க" என்றார் தீயணைப்பு வீரர். பிள்ளைகள் என்னைக் கட்டிக்கொண்டு கூவினார்கள்.

இப்போது எந்த லாட்ஜுக்குப் போனாலும் அப்படியொரு கதவைத் தேடித் திறந்துவிட்டுப் பார்க்கிறேன். தானாக முழுசாக மூடிக்கொண்டால்தான் பெட்டியைத் திறப்பேன்.

– ஒரு வாசகி, குன்னூர்