கிணற்றடியில் ஆயிலியம்

அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவின் கல்யாணத்தை ஒரு நட்சத்திரம் தடுத்துக்கொண்டிருந்தது. சின்னம்மா பிறந்தது ஆயிலியத்தில். ஆயிலியப் பெண் மருமகளாகப் போனால் மாமிக்கு ஆகாது என்பது ஊரின் முடிவு. பேசி வந்த மூன்று சம்பந்தங்கள் அதனாலேயே குழம்பிப்போயின. ஆனால் அந்த ஆயிலியம் வானத்தில் எங்கே நிற்கிறது என்று எங்கள் உரும்பிராயில் ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. பதினொரு வயதில் நான் பார்த்திருந்தேன். கனடா மாமா தந்த பைனாகுலரும் விஞ்ஞான ரீச்சர் தந்த வான்படமும் என்னிடம் இருந்தன. அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நான்காவது சம்பந்தம் பங்குனியில் ஒரு பின்னேரம் நீர்வேலியிலிருந்து வந்தது. மாப்பிள்ளையும் சின்னம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்ததில், இருவருக்கும் பிடித்துவிட்டது என்று எனக்கே விளங்கியது. சாதகக் குறிப்பை வாசித்த மாப்பிள்ளையின் தகப்பன்தான் இழுத்தார்.

"ஆயிலியம் எண்டால் யோசிக்கத்தான் வேணும். எனக்கு என்ரை மனுசி முக்கியம்."

அந்த மனுசி, மாப்பிள்ளையின் தாய், வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவின் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. பைனாகுலரோடு கிணற்றடிக்கு வந்துவிட்டேன்.

இருட்டியதும் மாப்பிள்ளையின் தாய் கை கழுவக் கிணற்றடிக்கு வந்தார். நான் விடவில்லை.

"அன்ரி, சின்னம்மாவின்ரை ஆயிலியத்தைப் பாக்கப் போறியளோ?"

பைனாகுலரை வாங்கி, நான் காட்டிய திசையில் பிடித்தார்.

"உந்த மங்கல் பொட்டுகளோ?"

"ஓம் அன்ரி. உதின்ரை வெளிச்சம் இஞ்சை வர நூறு வருசத்துக்கும் மேலை எடுக்கும். சின்னம்மா பிறந்த அண்டு உது என்ன செய்தது எண்டு இன்னும் எங்களுக்கு வந்து சேரேல்லை."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். பிறகு குனிந்து என் காதுக்குள் சொன்னார்:

"என்ரை நட்சத்திரமும் உதுதான் பிள்ளை. என்னைக் கட்டிக்குடுக்கிறதுக்காக அப்பு குறிப்பை மாத்தி எழுதுவிச்சவர். என்ரை மனுசனுக்குக்கூடத் தெரியாது. என்ரை மாமி தொண்ணூறு வயசு மட்டும் என்னை ஏவிக்கொண்டெல்லோ இருந்தவ. ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை."

உள்ளே போய், "நான் பாத்திட்டன். அது என்னை ஒண்டும் செய்யாது. கலியாணத்தை வைகாசியிலை வைப்பம்" என்றார். அவருடைய மனுசன் திகைப்போடு குறிப்பை மடித்து வைத்தார். சின்னம்மா குசினிக்குள் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதார், சந்தோசத்தில்தான்.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். போன வருடம் தன் பேரப்பிள்ளைகள் முன்னால் அந்த அன்ரியே போட்டு உடைத்ததால்தான் இப்போது எழுதுகிறேன். ஆனால் தலைக்கு மேலே ஊருக்கே தெரிய நிற்கிற ஒன்றை, அப்போதே முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்த மனுசனிடம் ஏன் ஒளிக்க வேண்டும் என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கவேயில்லை.