மூன்றாவது ட்ரம்பெட்

அவர் பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவார். ஐம்பது வயதிருக்கும். நீலச் சீருடை, காதில் இயர்போன். வலக்கையின் மூன்று விரல்கள் சாப்பாட்டுப் பையின் மேல் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் என்னவென்று கேட்டுவிட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இசை அமைக்கிறாராம். நான்கு ட்ரம்பெட், கூடவே சாக்ஸபோன், டிராம்போன் என்று பதினேழு பேர் சேர்ந்து வாசிக்கும் பெரிய பேண்டு இசை. அத்தனை பேருக்கும் இவர் ஒருவரே எழுதுகிறார், கம்ப்யூட்டர் வாசிக்கிறது.

"ஊட்ல யாரும் முழுசா கேக்க மாட்டேன்றாங்க சார். நீங்க கேளுங்க" என்று இயர்போனைக் கழற்றிக் கொடுத்தார்.

ரயில் சத்தத்தை மீறி இசை பொங்கி வந்தது. நன்றாகவே இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது ட்ரம்பெட் கேக்குதா சார்? மெதுவா, அடியில?"

எது முதலாவது, எது மூன்றாவது என்றே எனக்குத் தெரியாது. அவர் தவிப்பைப் பார்த்து, "நல்லா கேக்குதே" என்றேன்.

அவர் விரல்கள் நின்றன.

"நேத்தே அதை எடுத்துட்டேன் சார். எடுத்தப்புறமும் எனக்குக் கேட்டுகினே கீது. எனக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சுன்னு பயந்துகினு இருந்தேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்பத்தூர் வந்துவிட்டது. "இன்னைக்கே திரும்பப் போட்டுடறேன் சார்!" என்று கூட்டத்தோடு இறங்கி ஓடினார்.

இப்போதும் என்னைக் கண்டால் நெரிசலை விலக்கி வந்து வணக்கம் வைக்கிறார். சொன்னால் மறுபடியும் பயந்துவிடுவாரோ, இல்லை அந்த ட்ரம்பெட் அங்கே இருக்க வேண்டியதுதானோ, என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.