அண்ணன் மாற்றிய ஸ்டீரிங்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இன்று பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் தங்கை என்ற முறையில் நான் நாலு வரி எழுதாவிட்டால் மனசு ஆறாது.

அண்ணன் பிறந்தது ராயபுரத்தில். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் பள்ளியை விட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். பிறகு திருவொற்றியூரில் சொந்தமாக ஷெட் போட்டார். காடு மேடு ஏறுவதற்காக ஜீப்புகளை உயர்த்திக் கொடுப்பதில் அவருக்குத் தனிப் பைத்தியம். அண்ணியின் பிறந்தநாளை மறப்பார். எந்த ஜீப்புக்கு எந்த போல்ட் போட்டோம் என்பதை மறக்கமாட்டார்.

சிறுநீரகம் கெட்டபின் டயாலிசிஸுக்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்தார்கள். அந்தக் கைக்கு இழுப்பும் இடியும் ஆகாது என்றார் டாக்டர். அண்ணனுடைய சொந்த ஜீப்போ பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீரிங்கை வெடுக்கென்று இழுக்கும். இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும். வண்டியை உயர்த்தியதில், ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு சரிந்து நின்றதுதான் காரணம். அதை மேலே ஏற்றிப் படுக்கைவாக்கில் மாட்டிவிட்டால் வலது கை ஒன்றே போதும் என்று கணக்குப் போட்டார். ஆட்டோவில் சுருண்டு கிடந்து ஆஸ்பத்திரிக்குப் போவது அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு தடவையாவது அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஷெட்டில் கூட வேலை செய்யும் சேகர் செய்தார். அண்ணன் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்துப் பதறிய சேகர், சீக்கிரம் முடிக்க எண்ணி, ராடைத் தாங்கும் இரும்புக் கையை இரண்டு துண்டுகளை வெல்டிங்கில் ஒட்டிச் செய்து மாட்டிவிட்டார். அண்ணன் குனிந்து தடவிப் பார்த்தார்.

"ஸ்டீரிங்ல வெல்டிங்கா? அறுத்துப் போட்றா!"

"நீ ஒரு தபா ஓட்டத்தானே அண்ணாத்த? தாங்கும்."

"எனுக்கு அவசரம்னா, எதுக்க வர்றவன் இன்னாடா பாவம் பண்ணான்?"

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தடித்த இரும்புக் கட்டை வாங்கி, ஒரே துண்டாக வெட்டிக் கடைந்து வருவதற்கு நாளாகிவிட்டது. ஜீப் தயாரான அன்று அண்ணன் ஐசியூவில் இருந்தார். திரும்பி வரவில்லை. அந்த வெல்டிங்கை அப்படியே விட்டுத்தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கோபித்துக்கொள்ள ஆளில்லையே என்று அழுகையும் வருகிறது.

டயாலிசிஸ் பிரிவில் அவரைத் தம் வீட்டு மனிதராகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கல்லறை வரை தோள் கொடுத்த பங்கு மக்களுக்கும், இன்றும் ஷெட்டைப் பூட்டாமல் நடத்திவரும் சேகருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் சேகர்தான் அந்த ஜீப்பை முதன்முதலாக வெளியே எடுத்தார். கன்டெய்னர் லாரிகள் குதறிப்போட்ட ரோட்டில் எண்ணூர் வரை போய்வந்து, சாவியை அண்ணியிடம் கொடுத்தார்.

"கியர் போட்ற நேரம் தவிர இடது கைய மடியிலயே வெச்சிகினு ஓட்னேன் அண்ணி."

"அவுருக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டார் அண்ணி.

"வலிச்சிருக்காது அண்ணி."