அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

சட்டம் போடுகிற சபையில் பேசுகிறவர்களை ஊருக்கெல்லாம் தெரியும். அவர்கள் பேசுவதை எழுதுகிறவளை வாசல் காவலாளிக்கே சரியாகத் தெரியாது. இருபத்தாறு வருடமாக அதே வாசல் வழியாகப் போய் வருகிறாள். இன்றைக்கும் அடையாள அட்டையைக் காட்டு என்பான். அவளும் காட்டுவாள். கொண்டையில் எப்போதும் மூன்று பென்சில் செருகியிருப்பதால் உள்ளே இருக்கிறவர்கள் பென்சிலக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அது அப்படி ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

வேலை இதுதான். சபைத் தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து, பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். பத்து நிமிடம் முடிந்ததும் அடுத்த ஆள் ஓசைப்படாமல் வந்து உட்காருவார். இவள் எழுந்து பின்பக்க அறைக்குப் போய் எடுத்ததைத் தட்டச்சு செய்ய வேண்டும். முடித்தால் மறுபடி முறை வரும். அதனால் எந்த விவாதத்தையும் அவள் முழுசாகக் கேட்டதில்லை. ஒருவர் கையை ஓங்குவதைப் பார்ப்பாள். அது மேசையில் இறங்கியதா, காற்றிலேயே நின்றதா என்று மறுநாள் பேப்பரில்தான் படிப்பாள்.

எல்லாவற்றுக்கும் ஒலிப்பதிவு வந்துவிட்ட பிறகு இவள் எதற்கு என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். மைக் பேசுகிறவர் வாயைத்தான் கேட்கும். எதிர்வரிசையில் கத்தியது யார், எழுந்து வெளியே போனது யார், சபை சிரித்ததா முறைத்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதையெல்லாம் பார்த்து அடைப்புக்குறிக்குள் போடுவது இவள். (குறுக்கீடு). (மேசை தட்டும் ஒலி). (சிரிப்பு). ஆனால் இவள் சிரிக்கக்கூடாது. முகத்தை மூடிய கதவு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துவைத்துப் பழகி, வீட்டுக்குப் போயும் அந்தக் கதவு சீக்கிரம் திறக்காது.

வீட்டில் திறந்து காட்டவும் ஆள் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. ஒரே மகன் மின்வாரியத்தில் வேலை பார்த்தான். உயர் அழுத்தக் கம்பியைச் சரிசெய்கிற கூட்டத்தில் கெட்டிக்காரன் என்று பேர். அந்தக் கெட்டிக்காரனின் சொந்த வீட்டு வாசல் பல்பு ஆறு மாதமாக எரியவில்லை. "மாத்துடா" என்பாள். "நாளைக்கும்மா" என்பான். அவன் நாளை என்றால் அது எந்த நாளை என்று கடவுளுக்கே வெளிச்சம்.

அப்போதுதான் அந்த யுத்தம் வந்தது. பெரிய நாடு ஒன்று பக்கத்திலிருந்த சின்ன நாட்டுக்குள் படையோடு புகுந்தது. அந்தச் சின்ன நாட்டை வரைபடத்தில் காட்டச் சொன்னால் நம்மில் பாதிப்பேர் விரலைக் கடலில் வைப்போம். வந்தவர்கள் முதல் வேலையாக மின் நிலையங்களை உடைத்தார்கள். உடைந்ததைச் சரிசெய்ய வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் போனார்கள். இங்கிருந்தும் இருநூறு பேர் போனார்கள். அதில் இவனும் ஒருவன்.

கிளம்பிய அன்று சாயங்காலம் அவள் அழவில்லை, கோபம்தான் வந்தது. "உன்னை யாரு கூப்பிட்டா? அது யாரு வீடு? அங்கே யாரு இருக்கா உனக்கு?" என்று கேட்டாள். அவன் பையைத் தோளில் போட்டான். "போ. ஆனா போனவன் திரும்பி இந்த வாசலை மிதிக்காதே" என்றாள். பெற்றவள் வாயில் வரக்கூடாத சொல். வந்துவிட்டது. இருட்டு வாசலில் அவன் முகம் எப்படிப் போயிற்று என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒருநாள் காலை கைபேசியில் ஒரு செய்தி வந்தது. "11.20?"

மகனிடமிருந்துதான். அது அவன் பள்ளிக்கூட நாளில் விளையாடிய விளையாட்டு. சபைக் குறிப்பில் எழுதியவர் பேர் இருக்காது. ஓரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் மட்டும் இருக்கும். அதில் அம்மா எழுதிய பக்கம் எது என்று அவன் கண்டுபிடிப்பான். மற்றவர்கள் உறுப்பினர்களின் பேச்சை எண்ணெய் தடவி வாரி அனுப்புவார்கள். இவள் மட்டும் திக்கினால் திக்கியதையும், பாதியில் விட்டால் விட்ட பாதியையும் அப்படியே வைப்பாள். இப்போது குறிப்புகள் இணையத்தில் வந்துவிடுகின்றன. எங்கேயோ குண்டு விழுகிற ஊரில் உட்கார்ந்து அவன் அதைப் படித்திருக்கிறான்.

"ஆமா" என்று பதில் போட்டாள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மறுநாள் "4.10?" வந்தது. "ஆமா" போனது. சபை கூடிய நாளெல்லாம் ஒரு நேரம், ஓர் ஆமா. எட்டு மாதத்தில் தாயும் பிள்ளையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதுவும் இல்லையென்றால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று நான் யோசித்துப் பார்க்கவே விரும்பவில்லை.

போனவர்களின் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவார்கள். மருந்தும் மின்மாற்றியும் வான் தாக்குதலைத் தடுக்கும் கருவியும் அனுப்புங்கள் என்று கையெழுத்து வாங்குவார்கள். இவளால் போக முடியாது. சபை ஊழியர் எந்தப் பக்கமும் நிற்கக்கூடாது. அலுவலகத்தில் மகன் போன விஷயத்தையே அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்த விவாதத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். சபையில் அப்போது அதைவிட்டால் வேறு பேச்சே இல்லை. தூக்கிவிட்டால் அவன் தேடுவதற்குப் பக்கம் இருக்காது. ஆக, கையெழுத்து வாங்க வந்தவர்களிடம் கதவைச் சாத்தினாள். "கல்நெஞ்சக்காரி" என்று படியிறங்கும்போது ஒரு தாய் சொன்னது காதில் விழுந்தது.

கீழ்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் டெய்லரம்மா நேர் எதிர். "நம்ம ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடுவுல கரண்ட் போகுது. அடுத்தவனுக்கு ஜெனரேட்டர் அனுப்பணுமாம். என்ன சொல்றீங்க?" என்று படிக்கட்டில் மடக்குவாள். இவள் ஒன்றும் சொல்லமாட்டாள். டெய்லரம்மாவுக்கு இவளுடைய மகன் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறான் என்ற அளவுக்குத்தான் தெரியும். பஸ்ஸில் அதே பேச்சு, கேன்டீனில் அதே பேச்சு. ஊரே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, அதில் சொந்த ரத்தத்தை வைத்திருந்தவள் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சபையில் மூன்று நாள் விவாதம் நடந்தது. "இன்னிக்கு ஒருத்தன் வீட்டைப் புடுங்கறத வேடிக்கை பார்த்தா, புடுங்கறவனுக்கு நாளைக்கு எந்த வீடும் ஒண்ணுதான்" என்றார் ஓர் உறுப்பினர். "நாம அனுப்புற ஒவ்வொரு கருவியும் இந்தச் சண்டைய இன்னொரு மாசம் இழுக்கும். அந்த ஒரு மாசத்துல சாகறவன் யாரு பிள்ளை?" என்றார் இன்னொருவர். எழுதுகிற கைக்கு இரண்டும் ஒரே கனம்தான். இரண்டாவதை எடுக்கும்போது பென்சில் முனை உடைந்தது. கொண்டையிலிருந்து அடுத்ததை உருவிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் 3.20க்கு அவள் முறை. பேச எழுந்தவர் பட்டாசு. அது குறிப்பாளர்கள் அவருக்கு வைத்த பேர். வாய் திறந்தால் சபை அதிரும். உதவி வேண்டாம் என்கிற கட்சி அவர்.

"இருநூறு பசங்க அங்கே கரண்ட் கம்பி இழுக்கப் போயிருக்காங்களாம். ரொம்ப சந்தோஷம். வீட்டுல அம்மா வாசல் பல்பை மாத்துடான்னா ஆறு மாசம் ஆகும். அங்கே போய் ஒரு நாட்டுக்கே வெளிச்சம் போடப் போறானாம்!"

சபை வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. எந்தக் கட்சியின் பேச்சு, யாரைக் கேலி செய்கிறது என்பதெல்லாம் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அது அப்படியே அவன்தான். "நாளைக்கும்மா" என்று சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த அவனை, யாரோ கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து சொன்ன மாதிரி இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நொடி பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டாள். அடுத்த நொடி சபை எதற்குச் சிரிக்கிறது என்பது புரிந்தது. முகம் சாத்திக்கொண்டது. கை தானாகப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எழுதுகிறவளை யார் பார்க்கிறார்கள்?

பின்னறையில் தட்டச்சு செய்யும்போது அந்த இடத்தில் நின்றாள். இதை அவன் படிப்பான். சொந்த ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்ததை, அம்மா எழுதிய பக்கத்தில் படிப்பான். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, (சிரிப்பு) என்று அடித்து அனுப்பினாள்.

ஐந்து மணிக்குக் கேன்டீன் டிவியில் செய்தி வந்தது. அங்கே ஒரு மின் நிலையத்தின் மேல் ஏவுகணை விழுந்திருக்கிறது. பழுது பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர் பலி. எந்த நாட்டவர் என்று தெரியவில்லை. அவள் அங்கிருந்து எழுந்து பின்னறைக்கு வந்தாள். கைபேசியை எடுத்தாள், வைத்தாள். எழுதிக் கேட்டுப் பதில் வராமல் போனால்? அதைத் தாங்கத் தைரியமில்லை.

ஐந்தரைக்குத் தலைமைக் குறிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் பட்டாசு வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. அவர் கையில் அவள் அடித்த பக்கம் இருந்தது.

"அம்மா, நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான், அதை மாத்தச் சொல்லல. அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துடுங்க. மூணு பேரு செத்துக் கிடக்கறப்போ சபையே கேலி பண்ணின மாதிரி இருக்கு."

"பதிவுல சிரிப்பு சரியா கேக்கலக்கா" என்றார் தலைமை. "நீங்க சொல்றதுதான் முடிவு. இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டா எடுத்துடலாம்."

"ரெண்டு மூணு பேரு சிரிச்சிருப்பாங்க. அது சபைச் சிரிப்பா?" என்றார் பட்டாசு.

எடுத்துவிட்டால் எவ்வளவு நல்லது! அவன் படிக்க வேண்டியதில்லை. அவள் சிரித்ததும் இல்லாமல் போகும். நாளைக்கும் 3.20 இருக்கும், ஆமா இருக்கும். அவன் இருந்தால். ஆனால் வாரிவிடாத பக்கம் எது என்று பார்த்துத்தானே அவன் அம்மாவைக் கண்டுபிடிக்கிறான்? இதை வாரிவிட்டால் அவன் படிப்பது யாரை?

"சபை சிரிச்சுது சார்" என்றாள். "நானும் சிரிச்சேன்."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என் பையன் அங்கே இருக்கான். கரண்ட் வேலை. எங்க வீட்டு வாசல் பல்பு இன்னும் எரியல. நீங்க சொன்னது அப்படியே அவன்தான். அதான் சிரிச்சுட்டேன்."

பட்டாசு கையிலிருந்த பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார்.  காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தலைமைக் குறிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்க்கா சொல்லல? சொந்தக்காரங்க சம்பந்தப்பட்டா உட்காரக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நாளையிலேர்ந்து வடிகால் குழுவுக்குப் போங்க. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

வடிகால் குழுவின் குறிப்பு இணையத்தில் வராது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அதனால் என்ன போகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ராத்திரியை அவள் எப்படிக் கழித்தாள் என்று நான் சொல்லப் போவதில்லை. காலை ஏழு மணிக்குக் கைபேசி அதிர்ந்தது. "3.20?"

அவளுக்குப் போன உயிர் வந்தது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு "ஆமா" என்று எழுதினாள். அதோடு நிறுத்த முடியாது. இனிமேல் நேரங்கள் இல்லை. மேலும் எழுதினாள். "இனி என் பக்கம் வராது. வேற குழுவுக்கு மாத்திட்டாங்க. அந்தச் சிரிப்புல என் சிரிப்பும் இருக்கு."

 பதில் வந்தது. "பல்பு இன்னும் மாத்தலயா?"

"இல்ல. நீ வந்து மாத்து" என்று அனுப்பினாள். அதற்கு ஒற்றை டிக் விழுந்தது. அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று காட்டும் இரண்டாவது டிக்குக்காகப் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றாள். வரவில்லை. அங்கே கரண்ட் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வடிகால் குழு கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் கூடியது. குழாயின் அகலத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நடுவில் ஒருவர் ஜோக் அடித்தார், யாரும் சிரிக்கவில்லை. நாலு மணிக்கு மேல்தளத்தில் மேசைகள் தடதடவென்று அதிர்ந்தன. ஓட்டெடுப்பு முடிந்திருக்க வேண்டும். ஜெயித்த பக்கம் எது என்று கீழே இருந்து தெரியவில்லை. ஓடிப்போய்க் கேட்க வேண்டும் போலிருந்தது. பத்து நிமிடக் கணக்கு அங்கே கிடையாது. குழு முடியும்வரை எழுந்திருக்க முடியாது. குழாயின் அகலத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

அனுப்ப முடிவாகிவிட்டது என்பதைச் சாயங்காலம் டெய்லரம்மா வாயால்தான் கேட்டாள். டெய்லரம்மா அதற்காகச் சபையில் இருக்கிற ஒருவரையும் விடாமல் திட்டினாள். திட்டிக்கொண்டே இவள் பின்னாலேயே படியேறி வந்தவள், இருட்டில் கால் இடறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது, எத்தனை மாசமா இப்படியே வெச்சிருக்கீங்க? எங்க வீட்டுக்காரர் சும்மாதான் இருக்காரு. ஒரு நிமிஷ வேலை. ஏணிய எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அவள் கைபேசியைப் பார்த்தாள். காலையில் அனுப்பியதற்கு எதிரே இன்னும் ஒற்றை டிக்தான்.

"வேணாங்க" என்றாள் இருட்டில் சாவித் துவாரத்தைத் தடவிக்கொண்டே. "ஆளுக்குச் சொல்லியிருக்கேன்."