மல்லாந்து கிடந்த எஸ்.ஐ. வீட்டு மீன்

விற்ற மீன் செத்தால் திட்டோடு போய்விடும். பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன மீன் செத்தால் என்ன ஆகும் என்று, கலர் மீன் கடையில் நின்றவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விருந்தாளி

பிளஸ் டூ எழுதிவிட்டு, கடலூரில் மாமாவின் கலர் மீன் கடையில் வேலைக்கு நின்றேன். மிமிக்ரியில் எல்லார் குரலும் எனக்கு வரும். மாமாவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் சிதம்பரத்து எஸ்.ஐ. ஒருவர் வந்தார். குடும்பத்தோடு திருப்பதி போகிற வழி. கையில் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே விரல் நீளத்துக்கு, புள்ளி புள்ளியாக, மீசை வைத்த ஒரு மீன், பயணத்தில் சோர்ந்து அடியில் படுத்திருந்தது. திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டுமாம். போலீசுக்கு எப்படி முடியாது என்பது? "இது என்ன மீன் சார்?" என்று மட்டும் மாமா கேட்டார்.

"பொண்ணு வளக்குது, எனக்கு ஒண்ணும் தெரியாது. செத்துட்டா வேற வாங்கி வுட்டுடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, பொண்ணு கண்டுபுடிச்சிடும்."

மீசை

ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சாக இருந்தால் கடையையே தின்றுவிடும் என்று மாமாவுக்கு உதறல். தனித் தொட்டியில் விட்டோம். சென்னை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டால், "பெருசாச்சின்னா ஆப்பிரிக்கா, ஆகலைன்னா வேற" என்றார். கடைசியில் மார்க்கெட் மீன்கார அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"கொழம்பு வைக்கிறதுன்னா சொல்லுவேன், வளக்குறதுக்கு நான் என்னத்தக் கண்டேன் தம்பி? கை மட்டும் வச்சிடாத, முள்ளு குத்துனா வீங்கிடும்."

கல்லுப்பு

எங்கள் கடையில் புது மீன் எது வந்தாலும் நோய் வராமலிருக்கத் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பு விழும். அன்றும் மாமா போட்டார். கெளுத்திக்குச் செதில் கிடையாது, உப்பு நேரே தோலில் எரியும் என்பது யாருக்குத் தெரியும்? மீன் கண்ணாடியில் முட்டி முட்டி ஓடியது. அள்ளப் போனால் முள் வலையில் சிக்கிக்கொண்டது. மாமா வலையைக் கத்தரித்து, நல்ல தண்ணீரில் விட்டார்.

தொட்டிக்குள் போட்டிருந்த உடைந்த ஓட்டுக்கடியில் மீன் புகுந்தது, அப்புறம் வெளியே வரவே இல்லை. தீனியும் தொடவில்லை. ஆனாலும் எட்டிப் பார்த்தபோதெல்லாம் முதுகு மேலே, வயிறு கீழே என்று ஒழுங்காக இருந்ததால் மாமாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து, பின்னால் நின்று எஸ்.ஐ. குரலில் "எங்கய்யா மீனு?" என்றேன். மாமா ஸ்டூலோடு சாய்ந்தார்.

"டேய், எனக்கு நெஞ்சுவலி வந்துச்சின்னா உங்கம்மாவுக்கு நீதாண்டா பதில் சொல்லணும்."

வயிறு

எஸ்.ஐ. வருகிற நாள். கரண்ட் போய்க் கடை இருட்டியது. அப்போதுதான் மீன் வெளியே வந்தது, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு. மேல்மட்டத்தில் அசையாமல் நின்றது. மாமா ஸ்கேலால் புரட்டினார். நிமிர்ந்தது, உடனே மல்லாந்தது. "கடைசி இழுப்புடா" என்றவர், திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். மறுபடி புரட்டினார். மறுபடி மல்லாந்தது.

நிமிர்ந்து பார்த்தால் எஸ்.ஐ. நிற்கிறார், திருப்பதி மொட்டையோடு. தொட்டியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஊரார் குரலெல்லாம் வருகிற எனக்கு அன்று என் குரலே வரவில்லை. அவர் பெண் மட்டும் தொட்டிமேல் மூக்கை அழுத்திக்கொண்டு சொன்னாள்:

"ஏன் அங்கிள் அத குத்துறீங்க? அது மல்லாந்துதான் நீஞ்சும். நேரா இருந்தாத்தான் ஒடம்பு சரியில்ல."

ஆக, அது சுகமில்லாமல் கிடந்த நாளெல்லாம் நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம், அது தேறி எழுந்த அன்றுதான் எங்களுக்கு உயிர் போயிருக்கிறது.